நலம் என்று சொன்னதால்

தெல்கொடை முதியோர் இல்லம்
11.02.2024

அன்புள்ள தங்கச்சி ஜெயம்மாவுக்கு,

அண்ணன் மூக்கையா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் ஒரு குறையுமில்லாமல் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் துஷ்யந்தியும் அவள் பிள்ளைகளும் சுகமா?

போனில் பேசச் சொல்லி மேட்ரன் நோனா தன் போனைக் கொடுத்தார். என் காதில் வண்டு இரைந்ததுதான் மிச்சம். தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தெட்டு வருடம் ரோலர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குப் போன் எதற்கு? நீ எழுது. கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

மண்மேடு சரிந்து என் லயக் காம்பராவை மூடி இரண்டு வருடமாகிறது. உன் வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர், நீ குசினியில் படுக்கிறாய். அதனால் இங்கே வந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. இங்குள்ள பெண்கள் சிங்களப் பிள்ளைகள், என்னை 'சீயா', தாத்தா என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் என் சிங்களம் துருப்பிடித்துவிட்டது. கங்காணிக்கே மொழிபெயர்த்தவன் நான். நேற்றுத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. கையால் காட்டினேன். அந்தப் பிள்ளை என்னைக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சிரிப்பாக இருந்தது.

தமிழ் பேச இருப்பது பக்கத்துக் கட்டில் புவாட் நானா ஒருவர்தான். மாவனல்லையில் துணிக்கடை வைத்திருந்தவர். என் காதுக்குள் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை போய்விட்டது.

நீ இந்தப் பக்கம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. முடிந்தால் வா. தம்பி வேலுசாமியிடம் மழைக்கு முன்னால் கூரையைப் பார்க்கச் சொல்.

இப்படிக்கு அன்பு அண்ணன்,
மூக்கையா


நெல்லிவத்தை தோட்டம், ஓப்பநாயக்க
27.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி ஜெயம்மா வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நலம். முழங்கால் ஏறும்போது வலிக்கும், இறங்கும்போது அதைவிட வலிக்கும். மற்றபடி குறையில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வர முடியாமல் போனதற்குக் கோபிக்க வேண்டாம். கூரை விஷயம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நம் கீழ்ப்பிரிவில் பூட்டிக் கிடந்த தோட்டத்து ஆஸ்பத்திரியை அரசாங்கம் பணம் போட்டு வயதானவர்களைப் பராமரிக்கும் இடமாக்குகிறது. முப்பது கட்டில். வேலைக்கு எடுப்பதெல்லாம் தமிழ் பேசும் பிள்ளைகள். நம் சாப்பாடு. வெள்ளிக்கிழமை மரக்கறி. ஒரு மூலையில் சாமி கும்பிட இடம், முஸ்லிம் ஆட்களுக்குத் தொழ ஓர் அறை. துஷ்யந்தி முன்பள்ளி டீச்சர் அல்லவா, கிராம சேவகர் அலுவலகக் கூட்டத்தில் கேட்டுவிட்டு ஓடி வந்து சொன்னாள். கடைசிவரைக்கும் பார்ப்பார்களாம்.

உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டோம். என் வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். என் முழங்காலோடு நாற்பது.

ஆனால் அதற்கு ஒரு சோதனை இருக்கிறதாம். அதுதான் எனக்குப் பயம். விவரம் தெரிந்ததும் எழுதுகிறேன். உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெயம்மா


தெல்கொடை
19.03.2024

அன்புள்ள ஜெயம்மா,

நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

புவாட் நானாவைக் கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளை வேன் ஒன்று காலைச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கொஞ்ச நாளாக அவர் படுக்கையை நனைத்தார், இரண்டு தடவை அறை தெரியாமல் வேறு கட்டிலில் போய்ப் படுத்தார். இந்த இல்லம் தன் காரியத்தைத் தானே பார்க்கிற ஆட்களுக்குத்தானாம். முடியாமல் போனவர்களை நாலு மாவட்டம் தாண்டி ஒரு பெரிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். மேட்ரன் நோனா நல்லவர்தான், கண் கலங்கித்தான் நின்றார். நானாவுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. "கடைய தொறக்க நேரமாச்சு"ன்னு சொல்லிக்கொண்டே ஏறினார். அவருடைய செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது.

அங்கிருந்து யாரும் கடிதம் போட்டதில்லை.

எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. என் அறைக் கதவுப் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நூலைப் பார்த்து நேராக வந்துவிடுவேன்.

அது என்ன சோதனை? ரத்தம் எடுப்பார்களா? சீக்கிரம் எழுது. வேலுசாமி கூரையைப் பார்த்தானா?

அண்ணன்,
மூக்கையா


நெல்லிவத்தை
30.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புவாட் நானாவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அழுதேன்.

சோதனை ரத்தம் எடுப்பதல்ல. ஞாபகசக்தியைப் பார்ப்பார்களாம். சமூக சேவை அலுவலகத்திலிருந்து நுஸ்ஹா மிஸ் என்று ஒருவர் வருவார். தமிழில்தான் கேட்பாராம். இதே சோதனை எழுதிய ஒரு கிழவரின் மகனிடம் துஷ்யந்தி கேள்விகளை வாங்கிவிட்டாள். கீழே எழுதுகிறேன், நன்றாக மனப்பாடம் பண்ணுங்கள்.

இது எந்த வருடம்? 2024. எந்த மாவட்டம்? இரத்தினபுரி. என்ன மாதம்? ஏப்ரல் என்று சொல்லுங்கள், ஏப்ரலில்தான் வருவார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வார்கள். 93, 86, 79, 72, 65. அதோடு நிறுத்திவிடுவார்கள்.

எது கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லுங்கள். படுக்கை, குளியல், சாப்பாடு, எல்லாம் நானே செய்கிறேன் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு நடந்ததை நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இருமல் எத்தனை நாளாக என்று டிஸ்பென்சர் ஐயா கேட்டார். "மூனு மாசமாங்க ஐயா"ன்னு அம்மா உள்ளதைச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் பெயரையும் கூப்பிட்டார்கள், அவள் பெயரைக் கூப்பிடவில்லை. செக்ரோலில் பெயரை வெட்டிவிட்டார்கள், வேலை போனது. நானும் நீங்களும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு நம் வீட்டில் யாராவது எந்த உத்தியோகத்தரிடமாவது சுகமில்லை என்று சொல்லியிருக்கிறோமா? காய்ச்சலோடு கொழுந்து பறித்தவள் நான்.

தைரியமாக இருங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெயம்மா


தெல்கொடை
02.05.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம், நலத்திலும் நலம். சோதனையில் உன் அண்ணன் பாஸ்.

நுஸ்ஹா மிஸ் சின்னப் பிள்ளை. கேள்விகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். வருடம் சொன்னேன், மாவட்டம் சொன்னேன். ஏழு ஏழாகக் குறைப்பதைச் சாரத்தின் ஓரத்தில் உள்பக்கமாகப் பேனையால் எழுதி வைத்திருந்தேன். தொடை அரிப்பதுபோல் குனிந்து குனிந்து பார்த்துச் சொன்னேன். முப்பதுக்கு இருபத்தேழு. "நல்ல சுகமா இரிக்கீங்களே மாமா"ன்னு எழுதிக் காட்டினார். பாவம், பிள்ளையின் முகத்தில் ஏனோ சந்தோஷமில்லை. வெயிலில் வந்த களைப்பாக இருக்கும்.

கீழ்ப்பிரிவு ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் கேட்டு வை.

ஒரு சின்ன விஷயம். போன வாரம் விடியற்காலையில் என்னைக் கேட்டுக்கு வெளியே பிடித்தார்களாம். காற்று வாங்கத்தான் போனேன். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று நினைத்திருக்கலாம், சரியாகத் தெரியவில்லை. மேட்ரன் நோனா அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். அதற்கெல்லாம் நீ பயப்படாதே.

மழை தொடங்கிவிட்டது. வேலுசாமியிடம் கூரையைப் பார்க்கச் சொல். அந்தச் சோதனை எப்போது என்றும் எழுது, படித்து வைக்கிறேன்.

அண்ணன்,
மூக்கையா


நெல்லிவத்தை
20.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். பதில் போடத் தாமதமானதற்கு மன்னிக்கவும். வீட்டில் வேலை.

முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

மேட்ரன் நோனாவிடம் எதையும் மறைக்க வேண்டாம் அண்ணன். தலை சுற்றினாலோ, அறை தெரியாவிட்டாலோ அவரிடம் சொல்லுங்கள். நான் முன்பு எழுதியதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். இதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெயம்மா


தெல்கொடை
15.07.2024

ஜெயம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா.

நூலை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். எல்லாக் கதவும் ஒரே பச்சைக் கதவு. திறந்த அறை பெண்கள் அறை. அவர்கள் கத்துவது வாய் திறந்ததில் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன், சிங்களத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. தமிழில் சொன்னேன். அவர்களுக்கு விளங்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன்.

மேட்ரன் நோனா கொப்பியில் இரண்டாவது தடவை எழுதிவிட்டார். மூன்றாவது எழுதினால் வேன் வரும். எந்த வண்டி வந்தாலும் ஜன்னலில் போய்ப் பார்க்கிறேன். நேற்று வந்தது மரக்கறி லொறி. அது போன பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை. அங்கே செத்துப்போனால் நம் ஆட்கள் யாருக்குத் தெரியும்? யார் எரிப்பார்கள், யார் புதைப்பார்கள்?

தாகமாக இருக்கிறது. எப்படிக் கேட்பதென்று எழுது, அந்தத் தாளைக் காட்டுகிறேன்.

வேலுசாமி ஏன் என்னைக் கூட்டிப்போக வரவில்லை? இதையெல்லாம் யாரிடமும் சொல்லாதே. கேட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

மூக்கையா


நெல்லிவத்தை
28.07.2024

என் அன்பு அண்ணனுக்கு,

முதலில் இந்தக் கடிதத்தோடு இருக்கும் சின்னத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். துஷ்யந்தி சிங்களத்தில் எழுதியிருக்கிறாள். தண்ணீர், பசி, கக்கூஸ், என் அறை எது. நான்கு வரி. விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து படியுங்கள். முடிவு மே மாதமே வந்துவிட்டது. நான்தான் மறைத்தேன். உங்களுக்குக் கட்டில் இல்லை. "தன் காரியத்தைத் தானே பார்க்கக்கூடியவர், நீண்டகாலப் பராமரிப்புத் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த இடம் ஞாபகம் தப்பியவர்களுக்காகத்தான் கட்டியிருக்கிறார்கள் அண்ணன். முடியாதவர்களை எடுப்பதற்குத்தான் சோதனை. நாங்களோ சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் நன்றாக இருப்பவனுக்குத்தான் இடம் என்று நினைத்துவிட்டோம். துஷ்யந்தி படித்த பிள்ளை, அவளும் அப்படித்தான் நினைத்தாள். முடியாதென்று சொன்னால் இடம் கொடுக்கும் அரசாங்கத்தை இந்தத் தோட்டத்தில் யார் கண்டது? பாடம் சொல்லிக்கொடுத்து உங்கள் கட்டிலை நானே பறித்துவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு நான் வந்தேன் அண்ணன். வடை கொண்டுவந்தேன், நீங்கள் மூன்று சாப்பிட்டீர்கள். அடுத்த மாதம், வந்து ஒரு வருடம் ஆகிறதென்று எழுதினீர்கள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வேலுசாமி போய்ப் பதினோரு வருடமாகிறது. நீங்கள்தான் கொள்ளிச்சட்டி தூக்கினீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் அவனைக் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு நுஸ்ஹா மிஸ்ஸிடம் போனேன். அவர் படித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு அண்டைக்கே சந்தேகம் உம்மா. மாமா அடிக்கடி குனிஞ்சி பார்த்தாரு. ஆனா தாளில இரிக்கிறதத்தானே நான் எழுதலாம்." இன்னொரு தடவை சோதிக்க அனுமதி எடுத்திருக்கிறார். வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும். நான் வந்து உங்கள் பக்கத்தில் உட்காருவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இனிமேல் கடிதத்தில் நலம் என்றும் எழுத வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
ஜெயம்மா


தெல்கொடை
10.08.2024

ஜெயம்மா,

வேலுசாமி செத்துவிட்டான் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? இரண்டு நாள் சாப்பிடவில்லை. எப்போது செத்தான், எனக்கு ஏன் சொல்லவில்லை? தம்பிக்குக் கொள்ளிச்சட்டி தூக்க என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா?

நான் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அம்மா சொன்னாள், என்ன கிடைத்தது? நான் நலமாக இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். அந்த மிஸ்ஸை வரச் சொல்லாதே. 93, 86, 79, 72, 65.

மூக்கையா


நெல்லிவத்தை, கீழ்ப்பிரிவு
பழைய ஆஸ்பத்திரி
21.10.2024

அன்புள்ள தங்கச்சி ஜெயம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

என்னை இடம் மாற்றிவிட்டார்கள். வேன் வந்தபோது தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் இங்கேதான் கொண்டுவந்தார்கள். இங்கே எல்லாரும் தமிழ். தண்ணீர் என்றால் தண்ணீர் வருகிறது. விடியற்காலையில் எழுந்து நின்றால் விஜயகலா என்கிற பிள்ளை அதட்டுவதில்லை, கையைப் பிடித்து முற்றத்தைச் சுற்றிக் கூட்டிவருகிறாள். கூனிச் சம்பல் உறைக்கிறது.

இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன், நீ யாரிடமும் சொல்லாதே.

பழைய இடத்தில் ஒரு நாள் உத்தியோகத்தர் முன்னால் ஒரு பொம்பளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நரைத்த கொண்டை, நீலச் சேலை. அம்மாவின் சாடை கொஞ்சம் இருந்தது. உத்தியோகத்தர் கேட்டதற்கெல்லாம் நான் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நடுவில் புகுந்து என் காதில் விழும்படி கத்திச் சொன்னாள். "பொய்ங்க மிஸ். எங்க அண்ணனுக்கு நெனவு தப்பிருச்சுங்க. அறை தெரியாதுங்க. தண்ணி கேக்கத் தெரியாதுங்க. என்னையவே தெரியல பாருங்க." ஒரு கட்டுக் காகிதத்தை மேசையில் போட்டாள். எல்லாம் என் கையெழுத்து மாதிரியே இருந்தது. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

யாருக்கு அண்ணன் நான்? எனக்கு ஒரே தங்கச்சி நீ. "ஜெயம்மா இப்புடிச் சொல்ல மாட்டா, அவள கூப்புடுங்க"ன்னு அத்தனை தடவை சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கேயும் வருகிறாள். தேத்தண்ணி ஊற்றித் தருகிறாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். இங்கேயும் ஏதாவது சொல்லி என் பெயரை வெட்டிவிடுவாள். நீ ஒரு தடவை வந்து இவர்களிடம் உண்மையைச் சொல். நீ சொன்னால் நம்புவார்கள்.

உன் அண்ணன்,
மூக்கையா


நெல்லிவத்தை
02.11.2024

என் அன்பு அண்ணனுக்கு,

தங்கச்சி ஜெயம்மா எழுதுகிறேன். உங்கள் கடிதம் கையில் கிடைத்தது. விஜயகலாதான் கொண்டுவந்து கொடுத்தாள். வேலிப் பக்கம் நின்று படித்தேன்.

யாரும் உங்கள் பெயரை வெட்ட மாட்டார்கள். ஆபீசில் போய் என் கண்ணால் பார்த்தேன். கட்டில் உங்கள் பெயரில் பதிந்திருக்கிறது, கதவிலும் எழுதியிருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு முடியாமல் போனாலும் அந்தக் கட்டில் உங்களுக்குத்தான். அப்படித்தான் சட்டம். வெள்ளை வேன் அந்த ரோட்டுக்கு வரவே வராது. இந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பயம் வரும்போதெல்லாம் எடுத்துப் படியுங்கள்.

அந்தப் பொம்பளையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவளை நான் நன்றாகத் திட்டிவிட்டேன். இனி எந்த உத்தியோகத்தரிடமும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவதை மட்டும் நிறுத்த முடியவில்லை, எவ்வளவு சொன்னாலும் கேட்கிறாளில்லை. வந்தால் வரட்டும் அண்ணன். பேச வேண்டாம், முகம் பார்க்கவும் வேண்டாம். அவள் ஊற்றித் தரும் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிடுங்கள், முழங்கால் வலியோடு நடந்து வருகிறாள்.

அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள்.

உங்கள் தங்கச்சி,
ஜெயம்மா